ரெட்பிரெஸ்ட் லஸ்தாவ்: ஷெர்ரி உள்ளே கலந்திருக்கிறதா, மேலே போர்த்தியிருக்கிறதா?

மரப்பெட்டி · #1

இந்த பாட்டிலுக்கு இங்கே தனி இழை இல்லை, அதனால் தொடங்குகிறேன்.

சரக்கு: ரெட்பிரெஸ்ட் லஸ்தாவ் எடிஷன் என்ற ஐரிஷ் விஸ்கி. அயர்லாந்து, கார்க் மாவட்டம், மிடில்டன் வடிசாலை. சிங்கிள் பாட் ஸ்டில் (முளைகட்டிய, முளைகட்டாத பார்லி இரண்டும் சேர்த்து ஒரே வடிசாலையில் வடித்தது), 46%, குளிர்வடிகட்டல் செய்யாதது. லேபிளில் வயது கிடையாது. பர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாயிலும் ஷெர்ரி (ஸ்பெயினின் சாராயம் கூட்டிய ஒயின்) பீப்பாயிலும் 9 முதல் 12 வருடம் கிடந்ததை எடுத்து, ஸ்பெயினின் ஹெரெஸ் ஊர் லஸ்தாவ் நிறுவனத்தின் ஒலொரோசோ வகை ஷெர்ரி ஊறிய பீப்பாய்களில் மேலும் ஒரு வருடம் போட்டிருக்கிறார்கள். முதலில் வந்தது 2016-இல்.

மூக்கில்: பேரீச்சை, காய்ந்த அத்தி, பாதாம், லேசாக ஆரஞ்சுத் தோல். பின்னால் சுக்கு.
நாக்கில்: கனம். முதலில் இனிப்பு, நடுவில் கிராம்பு, கடைசியில் அதிமதுரம்.
பின்சுவை: நீளம், கொஞ்சம் துவர்ப்பு.
மதிப்பெண்: 88/100.

கேள்வி இதுதான். பக்கத்தில் ரெட்பிரெஸ்ட் 12 ஊற்றி ஒப்பிட்டால் லஸ்தாவ் தெளிவாகக் கனமாகவும் காரமாகவும் தெரிகிறது. அந்தக் கனமெல்லாம் ஷெர்ரி பீப்பாய் கொடுத்ததா? அப்படியென்றால் பாட் ஸ்டிலுக்கு எவ்வளவு மார்க், பீப்பாய்க்கு எவ்வளவு மார்க் என்று எப்படிப் பிரிப்பது?

அரைக்கிளாஸ் · #2

88 சரி. 87 ஏன் இல்லை?

செம்புவாலை · #3

மரப்பெட்டி சார், ஒப்பீட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதை முதலில் அடைத்துவிடலாம். ரெட்பிரெஸ்ட் 12 வருவது 40%-இல். லஸ்தாவ் 46%. கனம், காரம், பின்சுவை நீளம் மூன்றையும் ஆல்கஹால் அளவே கூட்டிக் காட்டும். இப்போது நீங்கள் ஒப்பிட்டது பீப்பாய்களை அல்ல, 6 சதவீதத்தை.

சரி செய்வது சுலபம். ஊற்ற வேண்டிய தண்ணீர் = சரக்கின் அளவு × (இருக்கும் சதவீதம் ÷ வேண்டிய சதவீதம் − 1). 20 மி.லி. லஸ்தாவை 40-க்கு இறக்க 20 × (46/40 − 1) = 3 மி.லி. மருந்துக்கடையில் கிடைக்கும் 5 மி.லி. சிரிஞ்சு, ஊசி இல்லாமல், போதும். சொட்டுக் கணக்கு வேண்டாம், ஒருவர் சொட்டு இன்னொருவர் சொட்டு இல்லை. கலந்ததும் மூடிவைத்து ஐந்து நிமிடம் விட்டுப் பிறகு முகருங்கள். இறக்குவதற்குப் பதில் 12-ஐ ஏற்ற விருப்பமென்றால் அதே 12-இன் காஸ்க் ஸ்ட்ரெங்த் (பீப்பாயில் இருந்த சதவீதத்திலேயே அடைத்த) பாட்டிலை எடுத்து 46-க்குக் கொண்டுவரலாம். அதில் சதவீதம் பேட்ச்சுக்குப் பேட்ச் மாறும், லேபிளைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். 57.7% என்றால் 20 மி.லி.க்கு 5 மி.லி. தண்ணீர். இது இன்னும் நல்ல ஒப்பீடு, ஏனென்றால் காஸ்க் ஸ்ட்ரெங்த்தும் குளிர்வடிகட்டாதது.

இரண்டாவது ஓட்டை: 12 என்பது "ஷெர்ரி இல்லாத" பாட்டில் அல்ல. அதிலேயே ஒலொரோசோ பீப்பாயில் வளர்ந்த பங்கு இருக்கிறது. ஆக நீங்கள் பார்ப்பது ஷெர்ரி இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் அல்ல, ஷெர்ரிக்கும் கூடுதல் ஷெர்ரிக்கும் உள்ள வித்தியாசம். மிடில்டன் பாட் ஸ்டில் ஷெர்ரி படாமல் எப்படி இருக்கும் என்று தெரிய பேரி கிராக்கெட் லெகசி வேண்டும். பெரும்பாலும் பர்பன் பீப்பாய், கொஞ்சம் புது அமெரிக்க ஓக், 46%. விலை கடிக்கும். பாரில் ஒரு ஸ்மால் வாங்கி முகர்ந்தாலே போதும்.

ஏழாவதுமாடி · #4

> பாட் ஸ்டிலுக்கு எவ்வளவு மார்க், பீப்பாய்க்கு எவ்வளவு மார்க்

பிரிக்க முடியாதுங்க. ரசத்தில் புளிக்கு எத்தனை மார்க், மிளகுக்கு எத்தனை மார்க்னு போடுவீங்களா? மொத்தமா நல்லா இருக்கா இல்லையா, அவ்வளவுதான்.

என் பார்வை இன்னும் கறார்: "ஃபினிஷ்"னு, அதாவது கடைசியா வேற பீப்பாய்க்கு மாத்தினதுனு, வர்றதுல பாதி ஒப்பனை. சுமாரான சரக்கை ஆறு மாசம் ஈர பீப்பாயில போட்டு எடுத்தா கிஸ்மிஸ் வாசனை வந்துரும். குறைந்தபட்சம் இத்தனை மாசம் இருக்கணும்னு சட்டத்துல ஒண்ணும் கிடையாது. மூணு வருஷம் மரத்துல இருக்கணும், பீப்பாய் 700 லிட்டருக்கு மேல போகக்கூடாது, 40%-க்குக் கீழ பாட்டில் பண்ணக்கூடாது. அவ்வளவுதான் ஐரிஷ் விஸ்கிக்கு. ஓக்தான் வேணும்னுகூட இல்லை, மரமா இருந்தா போதும். இன்னொன்னு, நிறத்தைப் பார்த்து ஏமாறாதீங்க. சாதா கேரமல், அதான் இ150ஏ, சேர்க்க அனுமதி இருக்கு. கருஞ்சிவப்பா இருந்தா ஷெர்ரினு அர்த்தம் இல்லை.

செம்புவாலை · #5

ஏழாவதுமாடி அண்ணே, நிறம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் ரசம் உதாரணம் உங்களுக்கு எதிராகத்தான் போகிறது. நல்ல நாக்கு உள்ளவர் ரசத்தில் புளி தூக்கலா, மிளகு தூக்கலா என்று சொல்லிவிடுவார். அதைத்தான் இங்கே கேட்கிறார். மார்க்கைப் பிரிக்க வேண்டியதில்லை, சுவையைப் பிரித்தே ஆகவேண்டும்.

அதற்கு முதலில் பாட் ஸ்டில் என்றால் என்ன வாசனை என்று தெரிந்திருக்க வேண்டும். முளைகட்டிய பார்லியும் முளைகட்டாத பச்சைப் பார்லியும் சேர்த்து ஊறல் போடுகிறார்கள். 2014-இல் வந்த தொழில்நுட்பக் கோப்புப்படி ஒவ்வொன்றும் குறைந்தது 30%, ஓட்ஸ், ரை மாதிரி வேறு தானியம் 5% வரை. "சிங்கிள்" என்றால் ஒரே வடிசாலை, ஒரே வாலை (வடிக்கும் பாத்திரம்) அல்ல. மிடில்டனில் மூன்று முறை வடிக்கிறார்கள். பச்சைப் பார்லி வந்த கதை மால்ட்டுக்கு, அதாவது முளைகட்டிய தானியத்துக்கு, போட்ட வரியிலிருந்து தொடங்குகிறது என்று 1785-ஐச் சொல்வார்கள். வரி இல்லாத தானியத்தைக் கூட்டிப் போட்டார்கள். அதற்கு முன்னும் முளைகட்டாத தானியம் போட்டவர்கள் உண்டு, வரி அதை வழக்கமாக்கியது என்பதுதான் சரி.

பச்சைப் பார்லியில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி குறைவு. அந்த வேலை பெரும்பாலும் கூட இருக்கும் மால்ட்டின் தலையில். பீட்டா-குளுக்கான் என்ற நார்ச்சத்து அதிகம் என்பதால் கஞ்சி பிசின் மாதிரி கெட்டியாகி வடிகட்ட அடம்பிடிக்கும். வடிசாலைக்காரருக்கு இது பெரிய தலைவலி. குடிப்பவருக்குக் கிடைப்பது: பச்சை ஆப்பிள் தோல், வெட்டின புல், ஆளிவிதை எண்ணெய், சுக்கு, கிராம்பு, பழைய தோல்செருப்பு. நாக்கின் நடுவில் எண்ணெய் தடவினது மாதிரி ஒரு வழவழப்பு.

லஸ்தாவில் இவற்றில் எது மிச்சம் இருக்கிறது என்று தேடுங்கள். பேரீச்சை, அத்தி யார் கண்ணுக்கும் படும். சுக்கும் எண்ணெயும் அதற்கு அடியில் தெரிகிறதா என்பதுதான் தேர்வு.

மரப்பெட்டி · #6

நன்றி செம்புவாலை சார். அந்த வழவழப்பு பீட்டா-குளுக்கானால் வருகிறது என்று சில இடங்களில் படித்தேன். சரியா?

செம்புவாலை · #7

இல்லை. பீட்டா-குளுக்கான் பெரிய சர்க்கரைச் சங்கிலி, ஆவியாகாது. வாலைக்குள் தங்கிவிடும், வடிந்து வரும் சாராயத்துக்குள் வர வழியே இல்லை. வழவழப்புக்குப் பெரும் காரணம் நீளமான கொழுப்பு அமில எஸ்டர்கள். அவைதான் குளிரவைத்தாலோ தண்ணீர் கூட்டினாலோ கலங்கும். கலங்கல் பிடிக்காதவர்கள் குளிர்வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள், கூடவே கொஞ்சம் வழவழப்பும் போகிறது. அதனால்தான் 46% என்ற எண். அந்த அளவு ஆல்கஹால் இருந்தால் அறை வெப்பத்தில் எஸ்டர்கள் பெரும்பாலும் கரைந்தே இருக்கும். லஸ்தாவை ஃபிரிட்ஜில் வைத்து மங்கலாகத் தெரிந்தால் பழுது இல்லை, அது நல்ல அறிகுறி.

அரைக்கிளாஸ் · #8

கிளாஸை சுழற்றினா ஓரத்துல கோடு கோடா இறங்குதே, அதைப் பார்த்துத் தரம் சொல்றாங்களே?

செம்புவாலை · #9

ஆல்கஹால் ஆவியாகும்போது மேற்பரப்பு இழுவிசை மாறுவதால் வரும் கோடு அது. சதவீதம் ஏற ஏற கோடு நன்றாகத் தெரியும். தரத்துக்கு சாட்சி அல்ல.

கடுக்காய் · #10

மரப்பெட்டி, உங்க குறிப்புல "கொஞ்சம் துவர்ப்பு"ன்னு ஒரு வார்த்தை. அதை அப்படியே விட்டுட்டுப் போயிட்டீங்க. ஷெர்ரி ஃபினிஷ் விஸ்கியில பாதித் தீர்ப்பு அதுலதான் இருக்கு.

நம்ம நாக்குக்கு இதுல ஒரு வசதி இருக்கு. துவர்ப்பை நம்ம ஆறு சுவையில ஒண்ணா வச்சிருக்கோம். வாழைப்பூவும் பாக்கும் சின்ன வயசிலேயே பழகிடுது. அதனால கசப்பு வேற, துவர்ப்பு வேறன்னு பிரிக்கத் தெரியும். இங்கிலீஷ் ரிவ்யூக்கள்ல ரெண்டையும் ஒரே சொல்லுல குழப்பி எழுதறதை நிறைய பார்க்கலாம்.

கசப்பு நாக்குல உணர்ற சுவை. துவர்ப்பு, அறிவியல் கணக்குல, சுவையே இல்லை, தொடு உணர்ச்சி. ஈறும் கன்னத்து உள்பக்கமும் இழுத்துப் பிடிக்கும், எச்சில் வறளும். மரத்தோட டானின்ங்கிற துவர்ப்புச் சத்து எச்சில் புரதத்தோட ஒட்டறதால அப்படி. சோதிக்க: 5 மி.லி. வாயில பத்து விநாடி வச்சுத் துப்பிடுங்க. இருபது எண்ணுங்க. இப்போ நாக்கை மேலண்ணத்துல தேய்ங்க.

வழுக்கிட்டுப் போனா பாட் ஸ்டில் எண்ணெய் ஜெயிச்சிருக்கு. முதல்ல சொரசொரன்னு இருந்து எச்சில் ஊறினதும் சரியாப் போனா பீப்பாய் அளவா இருக்கு. மாதுளந்தோலைக் கடிச்ச மாதிரி ஒரு நிமிஷம் ஆகியும் இழுத்தா பீப்பாய் அதிகம். வயசு கம்மியான சாராயத்தைப் புது ஈர பீப்பாயில போட்டு அவசரமா எடுத்த சரக்குகள்ல இந்த மூணாவதுதான் வரும்.

காரணம் மரத்துல இருக்கு. ஐரோப்பிய ஓக்ல டானின் அதிகம். காய்ந்த பழம், கிராம்பு, ஆழமான நிறம் எல்லாம் அங்கேர்ந்து. அமெரிக்க ஓக்னா வெனிலா, தேங்காய் பக்கம் போகும், துவர்ப்பு குறைவு. "ஷெர்ரி பீப்பாய்"ங்கிறது உள்ள இருந்த ஒயினை மட்டும் சொல்லும், எந்த மரம்னு சொல்லாது. ஹெரெஸ்ல வரிசை வரிசையா அடுக்கி வச்சிருக்கிற சொலேரா பீப்பாய்கள் (பழைய ஷெர்ரியோட புதுசைக் கலந்துகிட்டே முதிர வைக்கிறது) பெரும்பாலும் அமெரிக்க ஓக். ஆனா அதெல்லாம் பல வருஷமா ஒயின் குடிச்சுக் களைச்ச மரம். ஒயினுக்கு மரவாசனை ஏறக்கூடாதுன்னே அப்படி வச்சிருக்காங்க. விஸ்கிக்கு வர்றது அது இல்லை.

ஏழாவதுமாடி · #11

அதைத்தான் நானும் சொல்றேன். விஸ்கிக்குன்னே புதுசா செஞ்சு, கொஞ்ச நாள் ஷெர்ரி ஊத்திவச்சு, கொட்டிட்டு அனுப்பறாங்க. அந்த ஷெர்ரி குடிக்கறதுக்குக்கூட இல்லை, வினிகருக்கோ வடிக்கறதுக்கோ போகும். இதுல "ஹெரெஸ் பாரம்பரியம்"னு லேபிள்ல படம் வேற.

கடுக்காய் · #12

ஆமா, விஸ்கிக்குன்னே செய்யறதுதான். ஒளிச்சு மறைச்சு இல்லை, இப்ப அதுதான் முறை. அந்தக் காலத்துல ஷெர்ரி பீப்பாயிலேயே கப்பல் ஏறி பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வந்தது. இறக்குமதி பண்ணவங்களே காலி பீப்பாயை வடிசாலைக்குக் கொடுத்தாங்க. ஸ்பெயின்லயே பாட்டில் பண்ணணும்னு 1980-கள்ல ஆனதும் அந்த வழி அடைபட்டுப் போச்சு. அப்புறம் பீப்பாயை ஊறவச்சு வாங்கறதைத் தவிர வேற வழி இல்லை. ஹெரெஸ் ஒழுங்குமுறைக் குழு 2015-லேர்ந்து "ஷெர்ரி காஸ்க்"னு சான்றிதழே கொடுக்குது. குறைஞ்சது ஒரு வருஷம் ஊறணும்.

ஊறவச்சதுன்னா மட்டம்னு இல்லை. எந்த மரம், எத்தனை மாசம், எந்த ஒயின், முதல் நிரப்பா ரெண்டாவதா (விஸ்கி அதுல எத்தனாவது தடவை), இந்த நாலும்தான் விஷயம். பீப்பாய் அளவும் சேர்த்துக்கலாம். 500 லிட்டர் பீப்பாயை 250-ஆக்கினா ஒரு லிட்டர் சாராயத்துக்குக் கிடைக்கிற மரப்பரப்பு ஏறக்குறைய 26% கூடும். அதே ஆறு மாசம், வேற சரக்கு.

கார்க்கு · #13

இதுவரை யாரும் தொடாத ஒன்று: மேசையில் ஷெர்ரியையும் வையுங்கள். ஒயினை முகராமல் "ஷெர்ரி தூக்கல்" என்று எழுதுவதில் அர்த்தம் இல்லை. லஸ்தாவின் டான் நூன்யோ உலர் ஒலொரோசோ ஒரு நல்ல அளவுகோல். 15 மி.லி. போதும்.

முகர்ந்தால் பலருக்கு முதல் அதிர்ச்சி, ஒலொரோசோ இனிப்பே இல்லை. உலர் ஒலொரோசோவில் லிட்டருக்கு 5 கிராம் சர்க்கரைக்குள்தான். வால்நட், பழைய மேசை அலமாரி, உப்பு, ஆரஞ்சுத் தோல். இனிப்பு என்றால் அது பெத்ரோ ஹிமெனெஸ், சுருக்கமாக பி.எக்ஸ். லிட்டருக்குக் குறைந்தது 212 கிராம். கருப்பட்டிப் பாகு மாதிரி ஊற்றும். ரெட்பிரெஸ்டில் அதற்கும் தனிப் பதிப்பு 2021-இல் வந்தது. இரண்டையும் "ஷெர்ரி ஃபினிஷ்" என்று ஒரே பெட்டியில் போட்டுப் பேசுவது நல்லெண்ணெயையும் நெய்யையும் "எண்ணெய்" என்பது போல.

ஆகவே மரப்பெட்டி குறிப்பில் இருக்கும் முதல் இனிப்பு ஒலொரோசோவின் சர்க்கரை அல்ல. பர்பன் பீப்பாயின் வெனிலாவும் மால்ட்டும் சேர்ந்து இனிப்பு என்று மூளைக்குச் சொல்வது. ஒலொரோசோவிலிருந்து வந்தது பாதாமும் ஆரஞ்சுத் தோலும். பேரீச்சைக்கு மரமும் பங்காளி.

இன்னொரு சின்ன விஷயம். "ஃபினிஷ்" என்ற ஒரே சொல் இங்கே இரண்டு வேலை பார்க்கிறது: கடைசிப் பீப்பாய்க்கும் அதுதான், விழுங்கிய பின் நிற்கும் சுவைக்கும் அதுதான். இரண்டாவதை மரப்பெட்டி போல "பின்சுவை" என்றே எல்லோரும் எழுதினால் குழப்பம் குறையும்.

மரப்பெட்டி · #14

சரி, செய்முறையை யாராவது வரிசையாகச் சொல்லுங்கள். இந்த வாரக் கடைசியில் மறுபடி செய்கிறேன். வீட்டில் இப்போது 32 டிகிரி, அதையும் கணக்கில் எடுங்கள்.

கார்க்கு · #15

32 டிகிரியில் எந்த விஸ்கியும் ஸ்பிரிட் வாசனைதான் அடிக்கும். 18 முதல் 20 வேண்டும். ஐஸ் போடாதீர்கள். அது குளிரவும் வைக்கும், உருகி உருகி சதவீதத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கும். ஊற்றிய கிளாஸ்களை மூடி ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டில் பத்து நிமிடம் வைத்து, வெளியே எடுத்து சமையல் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். 16 காட்டினால் சரி, பேச்சு முடிவதற்குள் 20 ஆகிவிடும். ஃபிரிட்ஜில் மீன், வெங்காயம், இட்லி மாவு திறந்து இருந்தால் இந்த வழி வேண்டாம், பாட்டிலை ஈரத்துணி சுற்றி மின்விசிறிக்குக் கீழே வையுங்கள்.

கிளாஸ் வாய் குறுகி வயிறு அகன்றதாக, எல்லாம் ஒரே மாதிரி. கிளென்கெய்ர்ன் விஸ்கி கிளாஸ் இருந்தால் நல்லது, இல்லையென்றால் சின்ன ஒயின் கிளாஸ். வாய் அகன்ற டம்ளர் உதவாது. சோப்பு வாசனை போக வெந்நீரில் மட்டும் கழுவிக் கவிழ்த்துக் காயவையுங்கள். துணியில் துடைத்தால் துணி வாசனை வரும். 15 மி.லி. ஊற்றி மேலே ஒரு எவர்சில்வர் தட்டம் மூடி பத்து நிமிடம்.

முகரும்போது மூக்கை உள்ளே விடாதீர்கள். விளிம்புக்கு மேல் இரண்டு விரற்கடை, வாய் லேசாகத் திறந்திருக்கட்டும், ஆல்கஹால் குத்தாது. மூன்று சின்ன மோப்பம், பிறகு தள்ளி வையுங்கள். மூக்கு மரத்தால் உங்கள் முழங்கை மடிப்பையே முகருங்கள், பழையபடி திரும்பும்.

முதல் வாய் தீர்ப்புக்கு அல்ல, நாக்கைப் பழக்க. இரண்டாவது வாயிலிருந்துதான் எழுத வேண்டும். நடுவில் வெறும் பிரெட், தண்ணீர். இரண்டு மணி நேரம் முன்னாலிருந்து காபி, வெற்றிலை பாக்கு, ஊறுகாய், ஏலக்காய் எதுவும் வேண்டாம். சைட் டிஷ் எல்லாம் முடிந்த பிறகு.

கடைசிச் சுற்றில் தண்ணீர் கூட்டி 20%-க்குக் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். 15 மி.லி. 46%-க்கு 19.5 மி.லி. தண்ணீர். குடிக்க நன்றாக இருக்காது, ஆனால் கலவை செய்பவர்கள் பீப்பாயைச் சோதிக்கும் வழி இதுதான். ஆல்கஹாலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பழுது எல்லாம் அப்போது வெளியே வரும்.

அரைக்கிளாஸ் · #16

ஊறுகாய் கூடாதா. இந்த இழையே செல்லாது.

ஏழாவதுமாடி · #17

பழுதுனு சொன்னதும் ஞாபகம் வருது. கந்தகம் பத்தி யாரும் பேசலையே? ஷெர்ரி பீப்பாய்னாலே எனக்கு முதல்ல அந்தத் தீக்குச்சி வாசனைதான்.

கடுக்காய் · #18

காலி பீப்பாய்ல பூஞ்சை, பாக்டீரியா வராம இருக்க உள்ள கந்தக மெழுகுவர்த்தி எரிப்பாங்க. அது அதிகமானா விஸ்கியில வந்து நிக்கும். ஆனா எல்லா கந்தகமும் அங்கேர்ந்து இல்லை. நொதிக்கும்போதே கந்தகச் சேர்மம் வரும், வாலையோட செம்பு அதைப் பிடிச்சு வச்சுக்கும். செம்போட உரசல் போதாம போனா சாராயத்திலேயே தங்கிடும். எந்த வாசனைங்கிறதைப் பிரிச்சுப் பார்க்கணும். அணைச்ச தீக்குச்சி, மூக்கு உச்சியில ஒரு குத்தல்னா ஒரு வகை. வேகவச்ச முட்டை, ரப்பர், அவிச்ச முட்டைகோஸ்னா இன்னொரு வகை.

ரெண்டாவதுக்கு ஒரு சோதனை. எனாமல் இல்லாத செம்புக் கம்பியை உப்புத்தாள் போட்டுப் பளபளன்னு தேய்ச்சு, கழுவி, கிளாஸ்ல மூணு நிமிஷம் போடுங்க. எடுத்துட்டு, கம்பி போடாத கிளாஸோட ஒப்பிட்டு முகருங்க. முட்டை வாசனை குறைஞ்சா சல்ஃபைடு வகை, செம்பு பிடிச்சுக்கிச்சு. குறையலைன்னா வேற வகை, இல்லாட்டி கந்தகமே இல்லை. கம்பி போட்ட கிளாஸைக் குடிக்காதீங்க, கொட்டிடுங்க.

கந்தகம் எல்லா மூக்குக்கும் ஒரே மாதிரி தெரியாது. ஒருத்தருக்கு ரப்பர் டயர், பக்கத்துல இருக்கறவருக்கு வெறும் வறுத்த முந்திரி. அதனால நாலு பேர் மேசையில ஒருத்தர் மட்டும் சொன்னா அவரைக் கிண்டல் பண்ணாதீங்க. லஸ்தாவ் எடிஷன்ல எனக்குக் கந்தகம் தெரியலை.

கூடவே இன்னொண்ணு. ஈரச் சாக்கு, மக்கின அட்டைப்பெட்டி வாசனைன்னா அது கந்தகம் இல்லை, கார்க்கோட கோளாறு. அந்த ஒரு பாட்டிலோட முடிஞ்சு போற விஷயம், சரக்குக்கு மார்க் குறைக்காதீங்க. பாட்டிலை நிமிர்த்தியே வைங்க. படுக்க வச்சா ஆல்கஹால் கார்க்கை அரிச்சிடும்.

செம்புவாலை · #19

கடுக்காய் சொன்னதோடு ஒன்று. வால்நட், பழைய அலமாரி, லேசான வார்னிஷ் வந்தால் பழுது என்று எழுதிவிடாதீர்கள். காற்றோடு பழகிய ஒலொரோசோவின் குணம் அது, ஹெரெஸில் கொண்டாடுவார்கள். நகப்பூச்சு அழிப்பான் மாதிரி மூக்கைச் சுட்டால் மட்டும் சந்தேகப்படலாம்.

கார்க்கு · #20

அரைக்கிளாஸ் #2-இல் விளையாட்டாகக் கேட்டதுதான் உண்மையில் சரியான கேள்வி. நூறுக்குப் போடும் எல்லோரும் 80-க்கும் 95-க்கும் நடுவில்தான் எழுதுகிறார்கள். பதினைந்து படி உள்ள ஏணிக்கு நூறு படி என்று பெயர். அதிலும் 87-ஐயும் 88-ஐயும் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிக்க முடியாது.

பிரிக்க முடிகிறதா என்று பார்க்க முக்கோணச் சோதனை. மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். குத்துமதிப்பாகச் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும். ஆறு சுற்றில் நான்கு சரி என்பது குருட்டு அதிர்ஷ்டத்திலேயே பத்துக்கு ஒன்று நடக்கும், ஆகவே அது போதாது. ஐந்து சரியாக வேண்டும். அதற்கான வாய்ப்பு 2%-க்கும் கீழே.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம், ஆறு சுற்று என்றால் 18 கிளாஸ். கிளாஸுக்கு 5 மி.லி. என்றாலும் 90 மி.லி., 46%-இல். நாலாவது சுற்றுக்குப் பிறகு மூக்கு சொல்வதை நம்ப முடியாது. முகர்ந்து மட்டும் செய்யுங்கள், அல்லது துப்புங்கள், அல்லது இரண்டு நாளாகப் பிரியுங்கள். நிறம் காட்டிக்கொடுக்கும் என்பதால் கிளாஸ் வெளிப்பக்கம் அலுமினியத் தாள் சுற்றுங்கள். ஆலிவ் எண்ணெய் சோதிப்பவர்கள் நீலக் கண்ணாடிக் கிளாஸ் வைத்திருப்பது இதற்காகத்தான். ஊற்றுபவர் வேறு ஒருவர், அவர் பக்கத்தில் நிற்கக் கூடாது. முகபாவமே விடை சொல்லிவிடும்.

ஏழாவதுமாடி · #21

இவ்வளவு மெனக்கெட்டு ஒரு லார்ஜ் குடிக்கணுமா?

கார்க்கு · #22

குடிக்க வேண்டாம். மதிப்பிட வேண்டுமென்றால் மட்டும்.

மரப்பெட்டி · #23

செய்தாயிற்று. மூன்று கிளாஸ்: 12 காஸ்க் ஸ்ட்ரெங்த் (46-க்கு இறக்கியது), லஸ்தாவ் 46, டான் நூன்யோ. 18 டிகிரி, மூடி பத்து நிமிடம்.

சதவீதம் சமமானதும் "கனம்" வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போனது. காஸ்க் ஸ்ட்ரெங்த் இறக்கியதில்தான் எண்ணெய் வழவழப்பு கூட. #1-இல் கனம் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். லஸ்தாவில் கூடுதலாக நின்றது மூன்று: ஆரஞ்சுத் தோல் (ஒலொரோசோ கிளாஸை முகர்ந்ததும் அதே வாசனை அப்படியே), பாதாம், துவர்ப்பு. பேரீச்சை இரண்டிலும் இருக்கிறது, லஸ்தாவில் கொஞ்சம் முன்னால்.

கடுக்காய் சொன்ன இருபது எண்ணும் சோதனையில் லஸ்தாவ் முதலில் சொரசொரப்பு, பன்னிரண்டு எண்ணுவதற்குள் எச்சில் ஊறிச் சரியாகிவிட்டது. 20%-க்கு இறக்கினதில் சுக்கும் பச்சை ஆப்பிளும் வெளியே வந்தன. அதுவரை ஒளிந்திருந்தன. கந்தகம் இல்லை.

முக்கோணச் சோதனை, காஸ்க் ஸ்ட்ரெங்த் (46) எதிர் லஸ்தாவ், முகர்வது மட்டும், இரண்டு நாளில் ஆறு சுற்று: நான்கு சரி.

அரைக்கிளாஸ் · #24

நாலு. அதாவது கார்க்கு கணக்குப்படி பாஸ் இல்லை.

செம்புவாலை · #25

பாஸ் இல்லைதான், ஆனால் இதிலேயே சேதி இருக்கிறது. முகர்ந்து மட்டும் பிரிப்பது இவ்வளவு கஷ்டம் என்றால் அந்த ஒரு வருடப் பீப்பாய் பாட் ஸ்டிலை மூடிவிடவில்லை. மூடியிருந்தால் முதல் சுற்றிலேயே தெரிந்திருக்கும். ஒன்பது பன்னிரண்டு வருடம் ஏற்கெனவே மரத்தில் கிடந்த சாராயத்துக்கு ஒரு வருட முதல் நிரப்பு என்பது தாளிதம் மாதிரி. அதே ஒரு வருடத்தை நாலு வருடச் சாராயத்துக்குக் கொடுத்திருந்தால் குழம்பே அதுவாகியிருக்கும். ஏழாவதுமாடி அண்ணன் சொன்ன ஒப்பனைக் குற்றச்சாட்டு அந்த மாதிரிச் சரக்குகளுக்குப் பொருந்தும், இதற்கு இல்லை.

ஒரு கடைசிச் சோதனை மிச்சம் இருக்கிறது. காலி கிளாஸ்களைக் கழுவாமல் மூடாமல் ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் முகர்ந்தால் எளிதில் ஆவியாகாத கனமான வாசனை மட்டும் தங்கியிருக்கும். வெறும் மரத்தூளும் உலர்ந்த திராட்சையும் என்றால் பீப்பாய் ஜெயித்தது. தானியம், பிஸ்கட், கொஞ்சம் தோல் வாசனை கூடவே இருந்தால் சாராயம் தாக்குப்பிடித்திருக்கிறது.

ஏழாவதுமாடி · #26

ஒத்துக்கறேன், இந்த பாட்டிலுக்கு மட்டும். ஆனா வயசு போடாம விட்டதுக்கு அரை மார்க் குறைப்பேன். 9-லேர்ந்து 12, அதுக்கு மேல ஒண்ணுன்னு கதை சொல்லத் தெரியுது. லேபிள்ல 10-னு எண்ணா போட்டுட்டா என்ன?

கார்க்கு · #27

வயது போட்டால் கலவையில் இருக்கும் மிக இளைய விஸ்கியின் வயதைத்தான் போட முடியும். ஒரு வருடம் 10-க்குக் கீழே சரக்கு கலக்க வேண்டி வந்தால் லேபிளை மாற்ற வேண்டும். பிடிக்காவிட்டாலும் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

மரப்பெட்டி · #28

காலைக் கிளாஸ்: காஸ்க் ஸ்ட்ரெங்த்தில் மாரி பிஸ்கட், கொஞ்சம் தோல். லஸ்தாவில் அதே பிஸ்கட், மேலே பழைய அலமாரி வாசனை. திராட்சை இரண்டிலும் இல்லை.

88-ஐ எடுத்துவிடுகிறேன். எண்ணுக்குப் பதில் இப்படி: மறுபடி வாங்கலாம், 12 காஸ்க் ஸ்ட்ரெங்த் கையில் இருந்தால் அவசரம் இல்லை, சாதா 12 மட்டும் குடித்தவருக்குக் கண்டிப்பாக.

அரைக்கிளாஸ் · #29

இதுக்கு நான் லைக் போடறேன். பாட்டில்ல இப்ப எவ்வளவு மிச்சம்?

மரப்பெட்டி · #30

கால் பாட்டில்.

கடுக்காய் · #31

மூணுல ஒரு பங்குக்குக் கீழ போயாச்சு, அப்படியே விட்டா உள்ள இருக்கிற காத்து மூணு நாலு மாசத்துல ஆரஞ்சுத் தோலைத்தான் முதல்ல சாப்பிடும். 200 மி.லி. சின்ன பாட்டில் ஒண்ணை வெந்நீர்ல கழுவிக் காயவச்சு, கழுத்து வரைக்கும் ஊத்தி மூடி வச்சிடுங்க. இருமல் மருந்து பாட்டில் வேண்டாம், எத்தனை தடவை கழுவினாலும் அந்த வாசனை போகாது.